களிமண்ணும் மரநிழலும் உள்ள கொல்லையில் செயற்கைப் புல் அமைப்பது எப்படி

வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டின் கொல்லைப்புறம் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட சிறிய இடம். தெற்கே பக்கத்து வீட்டின் மூன்று மாடிச் சுவரும் மேற்கே எங்கள் மாமரமும் நிற்பதால், காலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அங்கே வெயில் விழுவதில்லை. ஒரு சாண் தோண்டினால் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வரும் சாம்பல் நிறக் களி. கொரியன் புல்லை இரண்டு முறை நட்டு, இரண்டு முறையும் அது மஞ்சளாகி மடிந்த பிறகு, செயற்கைப் புல் விரிப்பது என்று முடிவு செய்து ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்தோம். அவர் தரையைச் செதுக்கி, ஓர் அங்குலத்துக்கு எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பரப்பி, அதன்மேல் புல்லை விரித்து, ஓரங்களில் ஆணி அடித்து, ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார். நவம்பர் மழை பிடித்ததும் கால் வைத்த இடமெல்லாம் சளக் சளக்கென்று ஒலித்தது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தபோது, விரிப்பின் வடிகால் துளைகள் வழியாகக் களி, இடியாப்ப அச்சில் மாவு வருவதைப் போல, மேலே பிதுங்கி நின்றது. அடியில் போட்ட மணலைக் காணவில்லை. அழுகிய முட்டை நாற்றம் மட்டும் இருந்தது.

புல்லைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மணற்பாங்கான மண்ணில் மழைநீர் கீழே இறங்கிவிடும். வெயில் படும் இடத்தில் தங்கிய ஈரம் மேலே ஆவியாகிவிடும். களிமண்ணும் நிழலும் சேர்ந்த இடத்தில் இந்த இரண்டு வழிகளும் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆகவே தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்றும் வழியை நாமே அமைத்துத் தர வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் பணமும் உழைப்பும் பெரும்பாலும் மண்ணுக்குள் போய்விடும் என்பதையும், கண்ணுக்குத் தெரியும் புல் கடைசி ஒரு நாள் வேலைதான் என்பதையும் தொடங்கும்போதே ஒப்புக்கொண்டால், பிறகு வரும் முடிவுகள் எளிதாகும். அடுத்த ஆண்டு அந்த இடத்தை முழுவதும் பிரித்து மறுபடி செய்த முறையையே இங்கே எழுதுகிறேன்.

மண்ணைச் சோதித்தல்

முதலில் மண் எந்த அளவுக்குக் களி என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிடி மண்ணை ஈரப்படுத்திப் பிசைந்து, உள்ளங்கையில் முறுக்குத் திரியைப் போல மெல்லியதாக உருட்டி, அதை வளையமாக வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் அது நல்ல களி. பாதியில் உடைந்தால் வண்டல் அல்லது மணல் கலந்திருக்கிறது என்று பொருள். அதன்பின், ஓர் அடி ஆழமும் ஓர் அடி அகலமுமாக ஒரு குழி தோண்டி, அதில் நீர் நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் அளவை நம்பக்கூடாது. காய்ந்த களியில் வெடிப்புகள் நிறைய இருப்பதால் முதல் குடம் தண்ணீர் மாயமாக மறைந்துவிடும். ஊறிய களியில் நீர் இறங்கும் வேகம் பொதுவாக மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான். எங்கள் குழியில் ஒரு மணி நேரத்தில் ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை.

இதைக் கணக்காகப் பார்த்தால் விஷயம் விளங்கும். 240 சதுர அடிப் பரப்பில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,100 லிட்டர் நீர் விழுகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டிவிடுவதால், 5 சென்டிமீட்டர் என்பது அபூர்வமான மழையும் அல்ல. மொட்டை மாடியின் நீர் இறங்கும் குழாய் கொல்லையில் திறந்துவிடப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் சில மடங்கு பெருகும். அந்தக் குழாயைத் தனியாகத் திருப்பிவிடாமல் வேறெந்த வேலையையும் தொடங்கக் கூடாது.

மண்ணின் வகையிலும் வேறுபாடு உண்டு. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல், ஈரத்தில் உப்பிக் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கக்கூடியது. அந்த மண்ணின் முதல் தொல்லை மேடுபள்ளம்தான். ஏரிப்படுகையாகவோ சதுப்பாகவோ இருந்த இடங்களின் களி அந்த அளவுக்கு அசையாமல் போகலாம், ஆனால் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். மரம் நிற்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து வரும்: கோடையில் வேர்கள் ஈரத்தை உறிஞ்சுவதால் மரத்தைச் சுற்றிக் களி சுருங்கித் தாழ்கிறது, சுவர் நிழலில் இருக்கும் பகுதி ஈரமாகவே நிற்கிறது. ஒரே கொல்லையின் இரு ஓரங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

எந்த மாதத்தில் செய்வது

சென்னையைப் பொறுத்தவரை ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். மே மாதத்தில் வெடித்துச் சுருங்கிக் கிடக்கும் களியின்மேல் அடித்தளம் அமைத்தால், அக்டோபரில் அது உப்பி எல்லாவற்றையும் தூக்கும். டிசம்பரில் ஊறி உப்பியிருக்கும்போது அமைத்தால், கோடையில் சுருங்கி அங்கங்கே தொய்யும். பொங்கலுக்குப் பிறகு மண் இந்த இரண்டுக்கும் நடுவான ஈரத்தில் இருக்கும். பிசைந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், ஆனால் கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதமே வெட்டுவதற்கும் கெட்டிப்பதற்கும் உரியது. இணைப்புப் பசை காய்வதற்கும் வறண்ட நாட்கள் தேவை என்பது கூடுதல் காரணம்.

தண்ணீருக்கு வெளிவாசல்

பெரும்பாலான வழிகாட்டிகள் 6 அங்குலம் தோண்டி, ஜல்லி நிரப்பி, கெட்டித்துவிட்டால் வடிகால் தயார் என்று சொல்கின்றன. மணல் நிலத்தில் அது சரி. களியில் தோண்டிய பள்ளம் ஒரு தொட்டி. அதில் ஜல்லியை நிரப்பினால் அது ஜல்லி நிரம்பிய தொட்டி, அவ்வளவுதான். 240 சதுர அடியில் 4 அங்குல கனத்துக்கு நிரப்பிய 80 கன அடி ஜல்லியில், கற்களுக்கு இடையிலான வெற்றிடம் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இருக்கும். அதாவது 750 முதல் 900 லிட்டர் வரை நீர் பிடிக்கும். முன்னர் சொன்ன 5 சென்டிமீட்டர் மழை ஒரே பொழுதில் அதை நிரப்பி வழியவிடும். அதன்பின் அந்த நீர் வடிவதற்கு நாள்கணக்கில் ஆகும், அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஆகவே ஜல்லி எவ்வளவு ஆழம் என்ற கேள்விக்கு முன்னால், அந்த ஜல்லிக்கு அடியில் சேரும் நீர் எங்கே வெளியேறும் என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

வெளியேறும் இடம், அடித்தளத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் வைத்து இதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தெருவில் மழைநீர் வடிகால் தாழ்வாக இருந்தால் அங்கே விடலாம். கழிவுநீர்க் குழாயில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஆனால் சென்னையின் பல பழைய தெருக்களில் சாலைமேல் சாலை போட்டு மனைகள் தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. எங்கள் மனையும் அப்படிப்பட்டதுதான். அந்த நிலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மழைநீர் உறிஞ்சு குழி: வெறும் களிக்குள் அதை வெட்டிப் பயனில்லை, களி அடுக்கைத் துளைத்து அடியில் உள்ள மணல் படுகையைத் தொடும்படி துளைக்குழாய் இறக்கினால்தான் நீர் இறங்கும். 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால், வீட்டில் ஏற்கெனவே அப்படியொரு குழி இருக்கக்கூடும். அது இன்னும் நீர் வாங்குகிறதா என்று பத்துக் குடம் ஊற்றிச் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். புல்லிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் இழைகளும் மணலும் உடன் வரும் என்பதால், குழிக்கு முன்னால் ஒரு சிறிய வண்டல் தொட்டி கட்டி, வாயில் சல்லடை வைக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்குள் இந்த நீரை நேராக விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது வழி, தோண்டுவதைக் குறைத்து உயர்த்துவது. மேலே உள்ள புல்வேரையும் இளகிய மண்ணையும் 2 அங்குலம் மட்டும் செதுக்கிவிட்டு, ஓரங்களில் செங்கல் அல்லது கான்கிரீட் கரை கட்டி, அடித்தளத்தைத் தரைக்கு மேலேயே எழுப்பலாம். நாங்கள் செய்தது இதுதான். அதனால் வெளிவாசலுக்குக் கிடைத்த 4 அங்குல உயரமே வேலையைக் காப்பாற்றியது. இப்படி உயர்த்தும்போது, புல்லின் மேல்மட்டம் வீட்டு வாசற்படி மட்டத்துக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் ஈரம் ஏறும்.

சரிவு, வீட்டிலிருந்து விலகிப் போக வேண்டும். 12 அடி அகலத்துக்கு 2 அங்குலம் இறக்கினால் போதும். கண்ணுக்குத் தெரியாது, நாற்காலியும் ஆடாது. முக்கியமான செய்தி என்னவென்றால், இந்தச் சரிவைக் களியின் மேற்பரப்பிலேயே கொடுத்துவிட வேண்டும். களியைச் சமமாக விட்டு, ஜல்லியின் மேல்பரப்பை மட்டும் சரித்தால், ஜல்லிக்குள் இறங்கிய நீர் சமதளக் களியில் குளமாக நிற்கும். மேலே நின்று பார்க்கும் கொத்தனாருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

தாழ்ந்த ஓரம் முழுவதும் 9 அங்குல அகலத்துக்கும் ஏறத்தாழ அதே ஆழத்துக்கும் ஒரு வாய்க்கால் வெட்டி, 100 அடிக்கு 1 அடி என்ற வீதத்தில் அதற்கும் சரிவு கொடுத்து, உள்ளே 3 அங்குலத் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைப் பதிக்க வேண்டும். குழாயின் ஒரு பாதியில் மட்டும் அரை அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசைத் துளைகள் போட்டு, அந்தத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்கலாம். அடியிலிருந்து நிரம்பும் நீர் உடனே குழாய்க்குள் ஏறி ஓடிவிடும். நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணியைக் குழாயின்மேல் நேரடியாகச் சுற்றுவது பலரும் செய்யும் தவறு. களியின் நுண்துகள்கள் அந்தச் சிறிய பரப்பை விரைவில் அடைத்துவிடும். துணியை வாய்க்காலின் உட்புறம் முழுவதும் விரித்து, அதற்குள் ஜல்லியும் குழாயும் வைத்து, மேலே மடித்து மூடினால் பரப்பு பெருகும், அடைப்பு தள்ளிப்போகும். குழாயின் மேல்முனையை ஒரு முழங்கை இணைப்பு வைத்துத் தரைமட்டத்துக்கு எழுப்பி மூடி போட்டுவிட்டால், ஆண்டுக்கு ஒரு முறை தோட்டக் குழாயை அதில் செருகிக் கழுவிவிடலாம்.

அடித்தளம்

செதுக்கிச் சரிவு கொடுத்த களியைத் திமிசுக்கட்டையால் ஒரு முறை தட்டிச் சமன் செய்த பிறகு, சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் (ஜிஎஸ்எம்) எடையுள்ள நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணியை முழுப் பரப்பிலும் விரிக்க வேண்டும். இரு துண்டுகள் சேரும் இடத்தில் ஓர் அடி மேலேறி இருக்கட்டும். இந்தத் துணி இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை நடக்கும்போதும் ஜல்லி கீழே அமிழும், களி மேலே ஏறும். எங்கள் பழைய மணல் காணாமல் போன இரகசியம் அதுதான். செலவைக் குறைக்க இதன் இடத்தில் பாலித்தீன் தாளையோ நிழல்வலையையோ போடுவதாகச் சிலர் சொல்வார்கள். தாள் நீரை அடைத்து வைக்கும். வலை களியைத் தடுக்காது.

அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, கெட்டித்த பிறகு 4 அங்குலம் நிற்கும் அளவுக்கு. எங்கள் பரப்புக்கு 80 கன அடி. கெட்டிக்கும்போது அமுங்குவதற்காக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்து ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, வாங்கினோம். ஒரே வண்டியாகக் கொட்டி மொத்தமாகக் கெட்டிக்காமல், 2 அங்குலத்துக்கு ஒரு முறை பரப்பி, அதிரும் தட்டால் அமுக்கிக் கெட்டிக்கும் பிளேட் காம்பாக்டரை மூன்று நான்கு முறை ஓட்ட வேண்டும். வாடகைக்கு அந்த இயந்திரம் கிடைக்காவிட்டால் திமிசு போதும், தோள் மட்டும் வலிக்கும்.

மேல் அடுக்கில்தான் நிழலுக்காக ஒரு மாற்றம் செய்ய வேண்டும். வழக்கமாக இங்கே கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும்போது மிஞ்சும் கல்தூள், போடுவார்கள். அது மட்டமாகப் படியும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் உள்ள மாவு போன்ற துகள் நீரைப் பிடித்துவைக்கும், வெயில் இல்லாத இடத்தில் பல நாட்கள் ஈரமாகவே இருக்கும், பாசியும் அங்கிருந்தே தொடங்கும். அதற்குப் பதிலாக 6 மில்லிமீட்டர் சிப்ஸ் ஜல்லியை ஓர் அங்குலம் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, இயந்திரத்தை ஒரு முறை ஓட்டினால் மேற்பரப்பு ஓரளவு சொரசொரப்பாக நின்றாலும் நீர் தங்காது. கைப்பிடியளவு டஸ்டை மேலே தூவிப் பள்ளங்களை நிரவலாம், அதற்குமேல் வேண்டாம். வேலை முடிந்ததும், புல்லை விரிப்பதற்கு முன்னால், தோட்டக் குழாயை அரை மணி நேரம் திறந்துவிட்டு வெளிவாசலில் நீர் வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு இருபது நிமிடத்தில் வந்தது. வராவிட்டால் இந்தக் கட்டத்தில் திருத்துவது எளிது.

கான்கிரீட் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. களியின்மேல் கம்பி இல்லாத மெல்லிய கான்கிரீட் சில பருவங்களில் வெடிக்கும். மரத்தின் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. ஏற்கெனவே கான்கிரீட் தளம் இருந்தால் அதை உடைக்கத் தேவையில்லை: சரிவைச் சரிபார்த்து, புல்லுக்கு அடியில் நீர் ஓட இடைவெளி தரும் டிரெய்ன் செல் பலகைகளைப் பரப்பி, அதன்மேல் விரிக்கலாம். எந்த நிலையிலும் பஞ்சு போன்ற நுரை விரிப்பை அடியில் போட வேண்டாம்; நிழலில் அது காயவே காயாது.

மரத்தடியில்

மாமரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். கிளை விரிந்திருக்கும் வட்டத்துக்குள் பொக்லைன் விடுவதும் காம்பாக்டரை ஓட்டுவதும் மரத்தைக் கொல்லும் வேலை. அது உடனே தெரியாமல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தெரியும். அந்தப் பகுதியில் கையால் செதுக்கி, கட்டைவிரல் கனத்துக்கு மேற்பட்ட வேர்களை வெட்டாமல் விட்டு, அடித்தளத்தை 2 அங்குலத்துக்குக் குறைத்து, திமிசால் மென்மையாகத் தட்டினால் போதும். அங்கே தரை சற்று மேடாக நிற்கும், நிற்கட்டும். அடிமரத்தைச் சுற்றிக் குறைந்தது 3 அடி ஆரத்துக்குப் புல்லே போடாமல் கூழாங்கல் பரப்பிவிடுவது நல்லது. கரிசல் மண்ணின் உப்புதலைக் குறைக்கச் சுண்ணாம்பு கலப்பது சாலை வேலையில் நெடுநாள் வழக்கம், பலனும் உண்டு. ஆனால் மண்ணின் காரத்தன்மையை அது வெகுவாக உயர்த்துவதால் மரத்துக்கு அருகில் கூடாது.

எந்த மரம் என்பதும் கவனிக்கத் தக்கது. மா இலை பெரியது, பெருக்கினால் வந்துவிடும். முருங்கை, புளி இவற்றின் பொடி இலைகள் புல்லின் இழைகளுக்கு நடுவே இறங்கி அங்கேயே மக்கும். வேப்பம்பூ உதிரும் சித்திரையில் நாள்தோறும் பெருக்க வேண்டியிருக்கும். நாவல் மரத்தடியில் செயற்கைப் புல் போட நினைப்பவர்கள் பழக் கறையோடு வாழவும் தயாராக இருக்க வேண்டும்.

புல்லைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் 40, 50 மில்லிமீட்டர் உயரமுள்ள அடர்ந்த புல்லைத்தான் முதலில் காட்டுவார்கள், தொட்டுப் பார்த்தால் மனமும் அதிலேயே நிற்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் உயரம் போதுமானது. இழை நீளமாகவும் அடர்த்தியாகவும் இருக்க இருக்க, குப்பை உள்ளே சிக்கும், காற்று அடியில் புகாது. நிறத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: கடை விளக்கில் அழகாகத் தெரியும் கரும்பச்சை, மரநிழலில் ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும். மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாலை நான்கு மணிக்கு அதே இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, இளம்பச்சை கலந்ததை எடுப்பது நல்லது.

விரிப்பின் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். லேடெக்ஸ் பூச்சு விலை குறைவு. தொடர்ந்து நனைந்தே கிடக்கும் இடத்தில் அது காலப்போக்கில் இளகி, இழைகளை விட்டுவிடும். பாலியூரிதேன் பூச்சு நீரை உறிஞ்சாது, விலை கூடுதல். இந்தக் கொல்லைக்கு அதுவே தகும். மாதிரித் துண்டின்மேல் ஒரு குவளை நீரை ஊற்றினால் துளைகள் வழியாக உடனே கீழே இறங்க வேண்டும். சில விரிப்புகளில் துளை போட்ட சூடு, பிளாஸ்டிக்கைத் திரும்ப உருக்கித் துளையை அடைத்திருக்கும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நேர் வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும், வெறுங்காலில் நிற்க முடியாது. நிழல் இந்த ஒரு தொல்லையை முழுவதும் தீர்த்துவிடுகிறது, நிறமும் மெதுவாகவே வெளுக்கும். நிழலால் நமக்குக் கிடைக்கும் ஆதாயம் இது மட்டுமே.

விரித்தலும் இணைத்தலும்

சந்தையில் பெரும்பாலும் 2 மீட்டர் அகலச் சுருள்கள் கிடைக்கின்றன. 12 அடி அகலத்துக்கு 20 அடி நீளமுள்ள இரண்டு பட்டைகள், நடுவில் ஒரே ஓர் இணைப்பு. சுருளைப் பிரித்து ஓரிரு மணி நேரமாவது, முடிந்தால் வெயில் படும் இடத்தில், விரித்துப் போட்டுவைத்தால் மடிப்பு நீங்கும். இரண்டு பட்டைகளிலும் இழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். திசை மாறினால் ஒரு பட்டை வெளிர்ந்தும் மற்றது இருண்டும் இரண்டு வேறு புற்களைப் போலத் தெரியும். வழக்கமாக நாம் அமர்ந்து பார்க்கும் பக்கத்தை, அதாவது பின்திண்ணையை நோக்கி இழைகள் சாய்ந்திருப்பது கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

இணைப்பில் அவசரம் கூடாது. சுருளின் விளிம்பில் இழையில்லாத பட்டி ஒன்று இருக்கும். அதையும் அதற்கு அடுத்த ஒன்றிரண்டு தையல் வரிசைகளையும், விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப்புறத்தில் இரு வரிசைகளுக்கு நடுவே கத்தியை ஓட்டி நேராக வெட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு விளிம்புகளையும் நெருக்கி வைத்துப் பார்த்தால், இடையில் உள்ள இடைவெளி, விரிப்பின் இயல்பான வரிசை இடைவெளியோடு ஒத்திருக்க வேண்டும். பொதுவாக 2, 3 மில்லிமீட்டர். முட்டினால் இணைப்பு வரப்பைப் போல எழும்பும், விலகினால் கோடு தெரியும். இரு விளிம்புகளையும் ஓர் அடி மடக்கி, இணைப்பு நாடாவை நடுக்கோட்டில் விரித்து, பாலியூரிதேன் பசையைப் பல்விட்ட கரண்டியால் பரப்பி, சிறிது நேரம் காற்றாடவிட்டு, ஒரு முனையிலிருந்து விளிம்புகளை மெல்ல இறக்கிக்கொண்டே போக வேண்டும். அப்போது இழைகள் பசையில் மாட்டிக்கொள்ளாதபடி ஒருவர் விரலால் விலக்கிக்கொண்டே வருவது அவசியம். எங்கள் வீட்டில் அந்த வேலையை என் மகள் சீப்பை வைத்துச் செய்தாள், கை விரலைவிட அது சிறப்பாக வேலை செய்தது. இறக்கியபின் ஓர் இரவு முழுவதும் மணல் மூட்டைகளை வரிசையாக ஏற்றிவைக்க வேண்டும். நிழலில் தரை குளிர்ந்து ஈரமாக இருப்பதால், பசை டின்னில் எழுதியிருக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகவே காத்திருக்கலாம்.

ஓரங்களில் அரை அடிக்கு ஒன்றாக 6 அங்குல துருப்பிடிக்காத யூ ஆணிகளை அடிக்கலாம். வேர் தட்டுப்படும் இடத்தில் ஆணியை நகர்த்தி அடிக்க வேண்டும். களி அசையும் இடங்களில் விரிப்பைக் கரையோடு பசை வைத்து இறுக்குவதைவிட ஆணியே மேல். அடுத்த கோடையில் ஒரு மூலை தொய்ந்தால் பிடுங்கிச் சிப்ஸ் நிரப்பி மறுபடி அடித்துவிடலாம். கடைசியாக, கழுவிக் காயவைத்த சிலிக்கா மணலைச் சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் தூவி, கெட்டித் துடைப்பத்தால் இழைகளுக்கு எதிராகப் பெருக்கினால் மணல் அடியில் இறங்கி விரிப்பை அமுக்கிப் பிடிக்கும். ரப்பர் துகள் விளையாட்டுத் திடலுக்கு உரியது. வீட்டுக் கொல்லையில், அதுவும் ஈரம் தங்கும் இடத்தில், அதற்கு வேலை இல்லை.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை இலைகளைப் பெருக்கி, மாதம் ஒரு முறை இழைகளுக்கு எதிர்த்திசையில் கெட்டித் துடைப்பத்தால் வாரிவிட வேண்டும். நிழலில் மட்கிய இலையே மண்ணாகி, அந்த மண்ணில் பாசியும் சிறு களைகளும் முளைக்கின்றன. பாசியைத் துரத்துவதைவிட இலையை எடுப்பது எளிது. வழுக்கும் பாசி படர்ந்துவிட்டால், வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து தெளித்து, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவலாம். துருசுக் கரைசலையோ செறிவான பிளீச்சிங் கரைசலையோ மரத்தடியில் ஊற்ற வேண்டாம். மாமரத்தின் தாழ்ந்த கிளைகள் இரண்டைக் கழித்தபோது உள்ளே வந்த காற்றோட்டம், எந்த மருந்தைவிடவும் எங்களுக்கு உதவியது.

செப்டம்பர்க் கடைசியில், பருவமழைக்கு முன்னால், வண்டல் தொட்டியை அள்ளிச் சுத்தம் செய்து, குழாயின் மேல்முனை வழியாக நீர் செலுத்தி, வெளிவாசலில் அது தெளிந்து வரும்வரை விட வேண்டும். தொட்டியின் மூடியில் கொசுவலை கட்டுவதை மறக்கக் கூடாது; தேங்கிய நல்ல நீர்தான் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடும் இடம். முதல் பெருமழையின் மறுநாள் காலையில் புல்லின் மேல் நடந்து, எங்காவது சளக்கென்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். ஒலித்தால் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, பிப்ரவரியில் அந்த மூலையை மட்டும் திறந்து சிப்ஸ் போட்டுச் சரிவைத் திருத்திக்கொள்ளலாம். எங்கள் கொல்லையில் சென்ற மழைக்குப் பிறகு நட்ட குச்சி ஒன்று மட்டும், கிழக்கு மூலையில், இன்னும் நிற்கிறது.